காற்றுக் குறைந்த சில்லும் ஓட்டையாகும் ரியூப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளுக்குப் புதிதாக மவுண்டன் சைக்கிள் வாங்கிக் கொடுத்த பெற்றோரிடமிருந்து கேட்கும் முதல் முறைப்பாடு, அதன் ரியூப் அடிக்கடி ஓட்டையாகின்றது என்பதே. தடித்த ரயரைப் பார்த்து, கல்லும் முள்ளும் அதனை ஒன்றும் செய்யமாட்டா என்று நம்பி வாங்கியவர்கள், சில வாரங்களில் வீதியையோ ரயரின் தரத்தையோ குறைகூறத் தொடங்குகின்றனர். கணிசமான ஓட்டைகள் காற்றுக் குறைவினால் வருபவை என்பதையும், அவற்றை வீட்டிலேயே தடுக்கலாம் என்பதையும் தங்கள் பத்திரிகை மூலம் தெரிவிக்க விரும்புகின்றேன்.

காற்றுக் குறைந்த சில்லு ஒரு குழியின் விளிம்பிலோ ஒழுங்கையில் துருத்தி நிற்கும் சுண்ணக்கல்லிலோ மோதும்போது ரயர் முழுவதும் நசிந்து, உள்ளேயிருக்கும் ரியூப் றிம்மின் விளிம்புகளில் அகப்பட்டு, அருகருகே இரண்டு இடங்களில் கிழிகின்றது. கரியரில் இன்னொருவரை ஏற்றிச் சென்றால் இது இன்னும் எளிதாக நிகழும். பெருவிரலால் அமத்திப் பார்க்கும் நம் பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். தடித்த ரயர், காற்றுக் குறைந்த நிலையிலும் கைக்கு இறுக்கமாகவே தோன்றும். எவ்வளவு காற்றுத் தேவை என்பது ரயரின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 26 × 1.95 அளவு (விட்டமும் அகலமும் அங்குலத்தில்) ரயர்கள் பலவற்றில் அது சதுர அங்குலத்துக்கு 40 முதல் 65 இறாத்தல் வரை இருக்கும். பாரம் குறைந்த பிள்ளைக்குக் கீழெல்லையை ஒட்டிய அளவே போதும், ஆனால் அதற்குக் கீழே இறங்கவிடக் கூடாது. ஓட்டை எதுவும் இல்லாத ரியூப்பிலும் காற்று மெல்ல மெல்லக் குறையுமாதலால், வாரம் ஒருமுறையாவது அழுத்தமானி பொருத்திய பம்மினால் அளந்து பார்ப்பது நல்லது.

இவ்வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற வால்வே உண்டு. பழைய சைக்கிளுக்காக வீட்டில் வைத்திருக்கும் பம் அதற்குப் பொருந்தாமற் போவதால், காற்றடிப்பது நாளைக்கு நாளை என்று தள்ளிப்போகின்றது. எரிபொருள் நிரப்பு நிலையத்தில் அடிப்பவர்கள், சிறிய ரியூப் நொடிகளில் நிரம்பி வெடித்துவிடக்கூடும் என்பதை மனதிற் கொள்ளவேண்டும்.

ரியூப் மாற்றும்போது நேரும் தவறு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பெண்கள் சைக்கிளுக்குரிய 26 × 1⅜ ரியூப்பை, அதுவும் 26 அங்குலந்தானே என்று அகன்ற ரயருக்குள் இட்டுவிடுகின்றனர். ஒடுங்கிய அந்த ரியூப் அளவுக்கு மீறி விரிந்து மெலிவதால், சிறு முள்ளுக்கும் தாங்காது.

முள்ளினால் வரும் ஓட்டைகளும் நம்மிடத்திற் குறைவில்லை. நெருஞ்சி, வேலிகளிலிருந்து வெட்டி விழுத்திய முட்கொப்புகள், முள்ளுக்கம்பித் துண்டுகள், உடைந்த போத்தல்கள் என எல்லாம் ஒழுங்கையிற் கிடக்கின்றன. ரியூப்பை ஒட்டிவிட்டு ரயரின் உட்புறத்தைப் பாராமல் மாட்டினால், அங்கே குத்திநிற்கும் அதே முள் மறுநாளும் தன் வேலையைச் செய்யும். துணியொன்றை உட்புறமாகச் சுற்றித் துடைத்தால் முள் அதில் சிக்கும். ஓட்டை றிம்மை நோக்கிய பக்கத்தில் இருந்தால் முள்ளைத் தேடுவது வீண். றிம்மின் கம்பித் துளைகளை மூடியிருக்கும் நாடா விலகி, சில்லுக் கம்பியின் முனை அல்லது அதன் துளை விளிம்பு ரியூப்பை அரித்திருக்கும்.

ரயருக்குள் இடும் தடுப்புப் பட்டிகளும், ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவமும் விற்பனைக்கு உள்ளன. பட்டியின் விளிம்பு கூராக இருந்தால் அதுவே ரியூப்பை அரிக்கும். திரவம் வெப்பமான காலநிலையில் சில மாதங்களிற் காய்ந்துவிடும். முதற் செலவு அழுத்தமானியுள்ள பம்முக்கே செய்யப்பட வேண்டும் என்பது என் கருத்து.

வண்டியை விற்கும் கடைக்காரர்கள், உரிய அளவு காற்றடித்து, ரயரில் அந்த இலக்கம் உள்ள இடத்தை வாங்குபவருக்குக் காட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும். வேலி வெட்டுவோர் முட்கொப்புகளை அன்றே அள்ளி அகற்றுமாறு பிரதேச சபைகள் அறிவுறுத்துமாயின், சைக்கிளில் செல்வோர் மட்டுமன்றி நடந்து செல்லும் பிள்ளைகளும் பயன்பெறுவர்.

இங்ஙனம்,
துவிச்சக்கரவண்டிப் பாவனையாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.