கல்லோடன் தோல்விக்கு மரே துரோகம் காரணமல்ல

ஆசிரியருக்கு,

1746 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் நடந்த கல்லோடன் போர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, அதில் தோற்ற ஜேக்கபைட்டுகளின் (பிரிட்டிஷ் அரியணையை ஸ்டூவர்ட் வம்சத்துக்கு மீட்கக் கிளர்ந்தவர்கள்) தளபதி ஜார்ஜ் மரே பிரபுவைத் துரோகி என்றே சித்திரிக்கிறது. கிளர்ச்சியின் தலைவரான ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸே நம்பிய பழி இது. நடந்ததைப் பார்த்தால் நிற்காது.

1745 டிசம்பர் 5 அன்று, மரே பின்வாங்கச் சொன்னபோது, இங்கிலாந்தின் டார்பியில் ஜேக்கபைட்டுகளிடம் இருந்தது சுமார் 5,000 பேர். பிரெஞ்சுப் படை வந்து இறங்கவில்லை. இங்கிலாந்தில் சேர்ந்தது மான்செஸ்டர் ரெஜிமென்ட்டின் சில நூறு பேர்தான். எதிரே அரசின் மூன்று படைகள். மொத்தம் 30,000 பேர் என்பது மரேயின் கணக்கு. இந்த நிலையில் லண்டனுக்குப் போகச் சொல்வதுதான் பொறுப்பற்ற யோசனை. பின்வாங்கியபோது பின்படையை நடத்தி, துரத்தி வந்தவர்களை கிளிஃப்டனில் தடுத்ததும் அவரே. அடுத்த மாதமே ஃபால்கர்க்கில் வெற்றி. துரோகி செய்கிற வேலையா இது?

கல்லோடன் போருக்கு முந்தைய இரவில், நேர்னில் இருந்த அரசுப் படை முகாமைத் தாக்கக் கிளம்பிப் பாதியில் திரும்பிய விஷயத்துக்கு வருகிறேன். அதை ஆதரித்தவர்களில் மரேயும் ஒருவர். உறங்கும் முகாமை அதிகாலை இரண்டு மணிக்குள் தாக்க வேண்டும் என்பது திட்டம். அன்று வீரர்களுக்குக் கிடைத்த உணவு ஆளுக்கு ஒரு பிஸ்கட். பசியில் பலர் முன்பே உணவு தேடிப் போய்விட்டார்கள். இரவு எட்டு மணிவாக்கில் கிளம்பியவர்கள், ஊர்க்கண்ணில் படாமலிருக்க சாலையை விட்டுச் சேற்று நிலம் வழியே நடந்தார்கள். பின்வரிசை பிந்தப் பிந்த, முன்வரிசைக்கு 'நில்' என்று ஆள்மேல் ஆள் வந்தது. இரண்டு மணி ஆனபோது முகாமுக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இருந்தது. விடிந்தபின் போய்ச் சேர்ந்தால் பீரங்கிக்கு இரை. மரே படையைத் திருப்பினார், வேறு வழியில்லை.

மறுநாள் போர் நடந்த கல்லோடன் களத்தைத் தேர்ந்தவரும் அவரல்ல. நேர்ன் ஆற்றுக்குத் தெற்கே உள்ள மேடுபள்ளமான நிலத்தைத்தான் மரே கேட்டார். பீரங்கியும் குதிரையும் அங்கே எளிதில் ஏற முடியாது. தன் படை அதிகாரி ஓ'சல்லிவனின் பேச்சைக் கேட்டு, இளவரசர் திறந்த சமவெளியில் நின்றார். ஹைலாண்டர்களின் (ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்கள்) பாய்ச்சல் ஈர நிலத்தில் வேகமிழந்தது, பீரங்கிச் சிதறுகுண்டுகள் வரிசைகளை அறுத்தன. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. வலப்பக்கத்தை நடத்திய மரே குதிரையையும் தொப்பியையும் பொய்முடியையும் இழந்து, எதிரி வரிசையைப் பிளந்தபின் துணைப்படையைக் கூட்டிவரத் திரும்பி ஓடினார்.

கட்டுரையில் மரேயின் மரணம் பற்றி இன்னொரு பிழை: 1746 ஜூலையில் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தது அவருடைய அண்ணன் டலிபார்டின் பிரபு வில்லியம். ஜார்ஜ் மரே தப்பி, நெதர்லாந்தின் மெடம்பிளிக்கில் 1760 அக்டோபர் 11 அன்று காலமானார். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்