அடுக்கின் அடியில் இருந்த நோட்டு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணியில் சேர்ந்த மூன்று மாதக் கதையைச் சொல்ல வந்தவள், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் மட்டும், "பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் நீ எப்படி அம்மா சமாளித்தாய்?" என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பையனைப் பற்றி உடனே எழுதியிருப்பேன். கடைசி வரிக்கு உண்மையான பதிலைச் சொல்ல மனம் துணிவதற்குத்தான் இத்தனை நாட்கள் பிடித்தன.

முதலில் பையன். கேள்வி கேட்டபின் அவனுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறாய் என்று கவனித்துப் பார். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து 1970-களில் எழுதியவற்றில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாக வருகின்றன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் காட்டினார். அதைப் படித்த மறுநாள் நான் வகுப்பில் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு என்று எண்ணுவதற்குள் என் வாய் அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டது. அப்போது நான் வேலைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகளாக எத்தனை பிள்ளைகளின் மூன்றாவது விநாடியைப் பறித்தேனோ தெரியவில்லை. விடை வந்த பிறகும் அதே அளவு பொறுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன இன்னொரு செய்தி. "சரி" என்று நாம் உடனே சொல்லிவிட்டால், பிள்ளை சொல்ல வந்ததன் மிச்சம் அதன் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அந்தச் "சரி"யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன் அறையில் இரண்டு வகுப்புகள் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை நினைத்து நீ சோர்ந்துபோக வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கியபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனையே சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது "மதராஸ் முறை" என்ற பெயரோடு பல நாடுகளுக்குப் போயிற்று. கூட்டத்தைக் குறைந்த செலவில் மேய்க்கும் வழியாக அதைப் பயன்படுத்தியவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால், நேற்றுத்தான் கழித்தலில் கடன் வாங்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, தான் எங்கே தடுமாறினோம் என்பதை மறக்கும் முன்பே அடுத்த பிள்ளைக்குச் சொல்லும்போது, நாம் நான்கு முறை விளக்கியும் ஏறாதது ஏறிவிடுவதை நானே கண்டிருக்கிறேன். வாயே திறக்காத உன் பையனிடம் ஒரு சின்னப் பிள்ளையை ஒப்படைத்துப் பார்.

சிறிய ஊரில் ஆசிரியராக இருப்பது என்றால், மணி அடித்த பிறகும் ஆசிரியராகவே இருப்பது. தெருவில் எதிர்ப்படும் தாய், "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்பாள். அங்கே அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல சொல் மட்டும் சொல். குறை இருந்தால் பள்ளிக்கு வரச்சொல்லித் தனியே பேசு. மாலையில் நம் வாசலில் மனு எழுத, படிவம் நிரப்ப, வெளியூரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி ஆட்கள் காத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். அவர்களில் ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்த ஒரு பெண், ஆறு மாதம் கழித்துத் தன் பெயரைத் தானே எழுதிவிட்டு, மை காயும்வரை அந்தத் தாளை இரு கைகளாலும் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மாலைகளுக்காக நான் வருந்தவில்லை, வருந்தவும் மாட்டேன்.

ஆனால் அந்த மாலைகள் யாருடையவை என்று நீ கேட்கலாம். ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரை ஒன்று 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் ஏற்கப்பட்டது. உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில் வருவது அதனால்தான். ஆசிரியரின் பாடவேளைகளை முடிவு செய்யும்போது, பாடத்துக்கு ஆயத்தம் செய்யவும், பிள்ளைகளின் வேலையை மதிப்பிடவும், பெற்றோருடன் கலந்து பேசவும் ஆகும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. மிகச் சரியான சொற்கள். அந்த நேரத்தை எனக்கு யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் அதை உன் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். நான் சமாளிக்கவில்லை, மகளே. நீயும் உன் அப்பாவும் விட்டுக்கொடுத்தீர்கள்.

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது உன் இரண்டாம் வகுப்பு நோட்டு ஒன்று கிடைத்தது. நான் இரவில் திருத்துவதற்காக அடுக்கி வைக்கும் நாற்பது நோட்டுகளுக்கு அடியில் உன் நோட்டையும் செருகி வைப்பாயே, அவற்றில் ஒன்று. பென்சிலை அழுத்தி, எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறி இறங்க, "அம்மா, நாளைக்கு நீயே என்னைக் கூட்டிபோக வருவாயா?" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே என் சிவப்பு மையில் பெரிய சரிக்குறி, என் சுருக்கொப்பம், தேதி. நான் அதைப் படிக்கவே இல்லை. படித்திருந்தால் எழுத்துப்பிழையாவது கண்ணில் பட்டிருக்கும். "கூட்டிப்போக" என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. அந்தச் சரிக்குறியை நீ ஆம் என்று எடுத்துக்கொண்டு மறுநாள் வாசலில் எனக்காக நின்றாயா என்று எனக்கு நினைவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். வாய்ப்பாடு எழுதியிருக்கிறாய். அதன் பிறகு எனக்கென்று ஒரு வரியும் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுத என் கை தயங்கவில்லை, எழுதிவிட்டேன். அதோடு ஒன்று சொல்கிறேன், தாயாக மட்டுமன்றி உனக்கு மூத்த ஆசிரியராகவும். நாற்பது நோட்டையும் ஒரே இரவில் திருத்தாதே. எட்டு நோட்டைப் படித்துத் திருத்து. மீதியை மறுநாள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திருத்து. கண்ணால் படிக்காத பக்கத்தில் சிவப்பு மை வைக்காதே. வாரத்தில் இரண்டு மாலைகளாவது வாசற்கதவை மூடி வை. ஊர் கோபித்துக்கொள்ளாது, மறுநாள் வரும். இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பையன் பெயரை நீ எழுதவில்லை. திங்கட்கிழமை அவனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூன்று வரை எண்ணிப் பார்; அவன் பேசினாலும் பேசாவிட்டாலும் என்ன நடந்தது என்று எனக்கு எழுது. இந்த முறை நான் ஒரு வரி விடாமல் படிப்பேன்.

அன்புடன்,
அம்மா