கிளை நூலக வாசகர் வட்டம்: 2025-26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நம் நூலகர் அவர்களுக்கும், ஐந்து பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கிற ஆசிரியர்களுக்கும், வட்டத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. யார் எந்த நூலை அறிமுகம் செய்தார்கள், யார் வந்தார்கள் என்பதெல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் எனக்கு அடுத்து வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பகுதியை ஒரே வேலைக்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன். ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐந்து பள்ளிகளும் நம் நூலகமும் சேர்ந்து நடத்திய வாசிப்பு நாளும், அதன் பிறகு பள்ளிகளின் புத்தக பீரோக்கள் திறந்த கதையும்தான் அது. இந்த ஆண்டு நாம் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் தேதி. நூலக விழா என்றாலே நவம்பர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 14ஆம் தேதி குழந்தைகள் தினம், அன்று தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம். ஆனால் டெல்டாவில் நவம்பர் என்றால் மழை, காலை ஆறு மணிக்கு கலெக்டர் விடுமுறை அறிவித்தால் ஒரு மாத ஏற்பாடும் போச்சு. கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் நினைவாக 1996 முதல் ஜூன் 19ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்களே, அதையே நாமும் எடுத்துக்கொள்ளலாமே என்றார் ஒரு உறுப்பினர். நல்ல யோசனைதான். ஆனால் ஜூனில் பள்ளிகளில் சேர்க்கை, பாடநூல், சீருடை என்று ஆசிரியர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பார்கள். அப்புறம்தான் நூலகர் ஆகஸ்ட் 12ஐச் சொன்னார். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்கிறோமே, அந்த எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்த நாள், நாடு முழுக்க நூலகர் தினம். 1892இல் சீர்காழியில் பிறந்தவர், பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர், நம்மவர் என்று தாராளமாக உரிமை கொண்டாடலாம். நாளும் செவ்வாயாக அமைந்தது. வெள்ளிக்கிழமை வந்திருந்தால் நூலகத்துக்கு வார விடுமுறை.

தேதி முடிந்ததும் பெரிய விவாதம் ஒன்று வந்தது. எல்லோரும் ஒரே புத்தகத்தை வாசிப்பதா, அவரவர் விரும்பியதை வாசிப்பதா? சேர்ந்து வாசிக்கும் நாள் என்றால் ஒரே கதையை வாசித்துப் பேச வேண்டும் என்று ஆசிரியர்கள் சிலர் அழுத்திச் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் பொருந்துகிற ஒரு புத்தகம் எங்கே இருக்கிறது, இருந்தாலும் அதில் நூற்றுக்கணக்கான பிரதிகளுக்கு யார் பணம் கொடுப்பது? நூலகங்களுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்றே 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்பதுதான். அதனால் புத்தகத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பொதுவாக்கினோம். காலை 11 மணிக்கு ஐந்து பள்ளியிலும் மணி அடிக்கும், அந்த ஒரு மணி நேரம் பள்ளி வளாகத்துக்குள் இருக்கிற யாரும் வேறு வேலை செய்யக் கூடாது, தலைமை ஆசிரியர் உட்பட. செய்தித்தாளும் கணக்கில் வரும், பள்ளிக் கல்வித் துறையின் 'தேன்சிட்டு', 'ஊஞ்சல்' இதழ்களும் வரும், கிரிக்கெட் புத்தகமும் வரும். பாடப்புத்தகமும் கைடும் மட்டும் வராது.

மேடை, சாமியானா, சிறப்பு விருந்தினர், ஃப்ளெக்ஸ் எதுவும் வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்ததில் சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது தெரியும். வாசிப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேச்சு கேட்டுவிட்டு, ஒரு பக்கமும் வாசிக்காமல் வெயிலில் உட்கார்ந்திருந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகளை நாம் எத்தனையோ விழாக்களில் பார்த்திருக்கிறோம். அந்தப் பணத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாய் வாங்கிக் கொடுத்தோம். இன்றைக்கும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே என்று நினைத்தால் அது நடக்காது, சின்ன வகுப்புகளில் மௌன வாசிப்பு என்பதே கிடையாது. இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களாக இருந்த நம் உறுப்பினர்கள் இருவர். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு ஆசிரியரே படம் காட்டிக் கதை வாசிக்கட்டும், நான்கு ஐந்து வகுப்புப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வாசிக்கட்டும், ஆறாம் வகுப்புக்கு மேல் அவரவர் பாடு என்று பிரித்தது அவர்கள்தான். இன்னொன்றும் எச்சரித்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பிலும் இருக்கிறார்கள், அவர்களை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொன்னால் அந்த நாளோடு புத்தகத்தை வெறுத்துவிடுவார்கள். அதனால் யாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாகவே பள்ளிகளுக்கு எழுதிக் கொடுத்தோம். அந்தப் பிள்ளைகளுக்கு பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் கைகொடுத்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பதில் 'நுழை' புத்தகத்தை எடுத்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை முடித்து, 'நட' ஒன்றையும் முடித்து, மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை என்று அவன் வகுப்பு டீச்சர் சொன்னார்.

கீழத்தெரு தொடக்கப் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தோம், அப்பா அம்மாக்கள் வேலைக்குப் போய்விட்டதால் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாட்டிமார்கள். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பாட்டிக்கு எழுத்து தெரியாது. குளத்துக் கதை அது, ஒரு பக்கத்தில் பெரிய மீன் படம் போட்டு வெறுமனே 'மீன்' என்று எழுதியிருந்தது. பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "இது விரால்டி, தலையைப் பாரு, பாம்புத் தலையாட்டம் இருக்கு" என்றார். அடுத்த பக்கத்தில் இருப்பது கெண்டை, அதற்கடுத்தது மீசை வைத்த கெளுத்தி, கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும், எந்தத் தண்ணீரில் எது ஏறி வரும் என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்துப் பாய்ப் பிள்ளைகளெல்லாம் நகர்ந்து நகர்ந்து வந்துவிட்டார்கள். டீச்சர் புத்திசாலி, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து அந்தப் படங்களுக்குக் கீழே மீன்களின் பெயரை எழுத வைத்திருக்கிறார். பள்ளிப் புத்தகத்தில் எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். இப்படி எழுதலாம் என்பது என் கருத்து.

உயர்நிலைப் பள்ளியில் நூலகர் ஒரு பத்து நிமிடம் மட்டும் ரங்கநாதனைப் பற்றிச் சொன்னார். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனது, பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகர்களே புத்தகத்தைத் தொட்டு எடுக்க விட்டது, 1931இல் ஐந்து விதிகள் புத்தகம் வந்தது, அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை முயற்சியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நடமாடும் நூலகம் கிளம்பியது. நம் பஸ் போகிற பாதையில் நடந்த விஷயம், பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, பெரியவர்கள் பலருக்கும்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, "வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் குடுக்கலேன்னா என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த ஆண்டு முழுவதும் நம்மை வேலை வாங்கியது.

வாசிப்பு நாளுக்காக ஒவ்வொரு பள்ளியிலும் புத்தக பீரோவைத் திறந்தபோதுதான் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு பள்ளியில் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். இன்னொரு பள்ளியில் புத்தகங்கள் புத்தம் புதிதாக இருந்தன, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. முதல் பக்கத்தில் போட்ட பள்ளி முத்திரையின் மை எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக் காய்ந்திருந்தது. முத்திரை போட்டு மூடியதோடு சரி, பிறகு ஒரு கையும் அதைத் தொடவில்லை. படக்கதைகள், அறிவியல் புத்தகங்கள், அகராதிகள், எல்லாம் அரசு பணம் போட்டு வாங்கிக் கொடுத்தவை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காரணத்தை அவர்களே மனம் திறந்து சொன்னார்கள். புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. தணிக்கைக்கு வந்தாலும் சரி, தலைமை ஆசிரியர் மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைத்தாலும் சரி, எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் கைக்காசு போட வேண்டும், விளக்கம் எழுத வேண்டும். ஒரு தலைமை ஆசிரியை சொன்னதை அப்படியே தருகிறேன்: "படிக்காம இருந்தா என்னை யாரும் கேக்க மாட்டாங்க சார், தொலைஞ்சா கேப்பாங்க." இப்படி ஒரு நிலைமையில் எவரும் பூட்டித்தான் வைப்பார்.

இதற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று செப்டம்பர் செயற்குழுவில் பேசி ஒரு தீர்மானம் போட்டோம். பள்ளிப் புத்தகம் எது தொலைந்தாலும் கிழிந்தாலும், அதே புத்தகத்தை வட்டம் வாங்கி வைக்கும், கிடைக்காவிட்டால் அதே விலைக்கு வேறு புத்தகம் வாங்கித் தரும். பிள்ளையிடமோ பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ ஒரு பைசா கேட்கக் கூடாது. இதைக் கடிதமாக எழுதி, தலைவர் கையெழுத்துப் போட்டு, ஐந்து தலைமை ஆசிரியர்களிடமும் நேரில் கொடுத்தோம். பதிலுக்கு நாம் கேட்டது ஒன்றுதான்: புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். பீரோ சாவி வகுப்பு நேரத்தில் வகுப்பில் இருக்கட்டும், ஒரு நீள நோட்டில் பிள்ளைகளே பெயரும் தேதியும் எழுதி எடுத்துப் போகட்டும், திருப்பித் தரும்போது அந்த வரியை அவர்களே கோடு போட்டு அடித்துவிடட்டும்.

நான்கு பள்ளிகள் உடனே ஒத்துக்கொண்டன. ஒரு பள்ளி தயங்கி, தீபாவளி விடுமுறைக்குப் பிறகு தொடங்கியது. மார்ச் வரைக்கும் திரும்பி வராத புத்தகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதற்கான சின்னத் தொகை பொருளாளர் கணக்கில் தனி வரியாக இருக்கிறது. கிழிந்தவை கொஞ்சம் கூடுதல். கிழிந்த புத்தகங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், எல்லாமே பலர் கை மாறியவை, நோட்டில் பெயர் வரிசையாக இருக்கிறது. அந்தச் செலவைப் பற்றி உறுப்பினர்கள் யாரும் கவலைப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், நாம் செய்ததிலேயே நல்ல செலவு அதுதான்.

நூலக உறுப்பினர் சேர்க்கையும் வாசிப்பு நாளோடு சேர்ந்து நடந்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் விருப்பப்பட்ட மாணவர்கள் எல்லோருக்கும் காப்புத்தொகையும் சந்தாவும் வட்டமே கட்டியது. நம் உறுப்பினர்கள் சிலர் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர்களாகவும் சேர்ந்தார்கள், அவர்களுக்கு நன்றி. இங்கே ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்ந்து போகிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல் நம் மாகாணத்தில்தான், அதற்குப் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. ஊரில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படியிருக்க, ஒழுகுகிற கூரைக்கும், குழந்தைகள் பகுதிக்கு நாற்காலி வேண்டும் என்பதற்கும் மனு கொடுக்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. இரண்டு மனுக்களும் கொடுத்தாயிற்று. நாற்காலி வந்துவிட்டது, கூரைக்கு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மீண்டும் போய்க் கேட்கப் போகிறோம்.

வருத்தம் ஒன்றும் உண்டு. ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களை அந்த ஒரு மணி நேரத்துக்கு விடவில்லை, தேர்வு இருக்கிறது என்றார்கள். மற்ற வகுப்புகள் மரத்தடியில் படித்துக்கொண்டிருக்க, மாடி ஜன்னலில் நின்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு வயதில் ஒரு மணி நேரம் பாடம் அல்லாததைப் படித்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வரும் ஆண்டு ஜூலையிலேயே அந்தப் பள்ளியோடு பேசி, அன்றைக்குத் தேர்வு வைக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்கலாம் என்பது என் யோசனை. செயற்குழு முடிவு செய்யட்டும்.

வரும் ஆகஸ்ட் 12 புதன்கிழமை. சத்துணவு சமையல் அம்மாக்கள் போன முறை அடுப்பை விட்டு வர முடியவில்லை, வாசிப்பு நேரத்தை 10 மணிக்கு மாற்றினால் வர முடியும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், அதனால் மாற்றலாம். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டும் சேர விரும்புகின்றன. அந்த இரண்டு பள்ளிகளின் பீரோவுக்கும் நாம் அதே உத்தரவாதக் கடிதம் கொடுப்பதா என்பதை இன்றைய கூட்டத்தில் பேசித் தீர்மானிக்க வேண்டும். கொடுக்கலாம் என்று நான் முன்மொழிகிறேன், வழிமொழிய விரும்புகிறவர்கள் அறிக்கை முடிந்ததும் சொல்லுங்கள்.

பாய் விலையில் தள்ளுபடி கொடுத்த கடைக்காரருக்கும், புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கிய கல்லூரி மாணவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போட்டுக் கொடுக்கிற நம் மூத்த உறுப்பினருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. அவருக்குக் கனமான தையல் நூலும் காலிகோ துணியும் தேவைப்படுகின்றன, வீட்டில் வைத்திருப்பவர்கள் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்