சிங்கம் செத்தால் யார் தின்பார்கள்? பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் சூழலியல் அத்தியாயத்தை வைத்துப் பாடம் நடத்துகிறவன் நான். புல், மான், சிங்கம் என்று பலகையில் எழுதி, நடுவில் அம்புக்குறி போட்டுத் திரும்பினால், பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், சிங்கம் செத்தா அதை யார் தின்பாங்க?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். பதில் அத்தியாயத்தின் கடைசியில், ஒன்றரை வரியில் இருந்தது. பாக்டீரியா, பூஞ்சை ஆகியவை சிதைப்பவை எனப்படும். அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் உணவுச் சங்கிலியைப் படிக்கிற பிள்ளை, எல்லாவற்றையும் ஏதாவது ஒன்று உயிரோடு தின்றுவிடுகிறது என்றுதான் நினைத்துக்கொள்ளும். காட்டில் நடப்பது வேறு. அங்கே தழைக்கும் இலைகளில் பெரும்பங்கை மானும் தின்பதில்லை, கம்பளிப்புழுவும் தின்பதில்லை. அவை பழுத்து, உதிர்ந்து, மண்ணுக்குப் போகின்றன. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சருகைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மேலே இருப்பது மொறுமொறுவென்று முழு இலை. அதற்கடியில் சதை போய் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, வலை மாதிரி. இன்னும் கீழே, எது இலை எது மண் என்று சொல்ல முடியாத கறுப்புத் துகள். அதில் வெள்ளை நூலாகப் பூஞ்சை இழைகள் ஓடும். ஊசிமுனை அளவில் ஏதோ துள்ளும். முதல் மழைக்கு வரும் மண்வாசனைகூட இங்கிருந்துதான்: ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் முக்கியமானது. இலைக்குள் பூட்டிக்கிடந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் விடுபட்டு மறுபடி வேருக்குப் போவது இந்த அடுக்கில். "ஆற்றல் பாய்கிறது, சத்துகள் சுழல்கின்றன" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுழற்சியில் பாதியைக் காட்டாமல் விட்டால் அது எப்படிச் சுழலும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு படியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அதைத் தின்னும் அடுத்த படிக்குப் போகும் என்கிற உங்கள் "10 சதவீத விதி"க்குப் பக்கத்தில் ரேமண்ட் லிண்ட்மன் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். சரி. அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பாக் என்ற சின்ன ஏரியை ஆராய்ந்தவர் அவர். அவருடைய கட்டுரையை இதழ் முதலில் திருப்பி அனுப்பிவிட்டது. பிறகு 1942இல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த ஏரியில் அவர் கணக்கிட்டது 10 அல்ல. தாவர உண்ணிகளுக்கு 13.3 சதவீதம், அவற்றைத் தின்பவற்றுக்கு 22.3. பத்து என்பது பின்னால் வந்த தோராயம். அதை விதி என்று சொல்லித் தேர்வில் கணக்கும் கேட்கிறோம். அது போகட்டும். அவர் வரைந்த உணவுச் சுழற்சிப் படத்தின் நடுவில் எது இருந்தது தெரியுமா? மீன் இல்லை, பாசி இல்லை. ஏரியின் அடிச்சேறு. செத்ததெல்லாம் போய்ச் சேரும் இடத்தை அவர் நடுவில் வைத்தார். நாம் அதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டோம்.

அடுத்த அத்தியாயம், பல்லுயிர்ப் பெருக்கம். படங்கள் எல்லாம் புலி, யானை, திமிங்கிலம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெயரிடப்பட்ட பாலூட்டிகள் சுமார் 6,500 இனம். பூச்சிகள் சுமார் 10 லட்சம். சாணி உருட்டும் வண்டுக்கு ஒரு படம் போட்டால் என்ன? ஆஸ்திரேலியாவுக்கு 1788இல் மாடுகள் போயின. அங்கிருந்த வண்டுகளில் பெரும்பாலானவை கங்காரு போன்றவற்றின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. ஈரமான மாட்டுச்சாணம் அவற்றுக்குச் சரிப்படவில்லை. சாணம் அப்படியே கிடந்து காய்ந்தது, புல் முளைக்க இடமில்லை, ஈ பெருகியது. கடைசியில் 1968 முதல் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. வண்டு என்று ஒன்று இருந்தால் போதாது, அந்த வேலைக்கான வண்டு வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இந்தக் கதையில் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், இனங்களை எண்ணிவிட்டால் பன்மையை அளந்தாயிற்று என்று எழுதியிருப்பதை மாற்றுங்கள். இரண்டு குளம், ஒவ்வொன்றிலும் ஐந்து வகையில் 100 மீன். ஒன்றில் வகைக்கு 20. இன்னொன்றில் ஒரே வகை 96, மற்ற நான்கும் ஒவ்வொன்று. எண்ணிக்கைப்படி இரண்டும் சமம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மீன் பிடித்தால், இரண்டாவது குளத்தில் நூற்றுக்குச் சுமார் 92 தடவை ஒரே வகைதான் வரும். முதல் குளத்தில் 19 தடவை. புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் 1949இல் தந்த பன்மைக் குறியீடு கேட்பதும் இதே கேள்வியைத்தான். சூத்திரத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

செய்முறைப் பகுதியில் உணவுப் படிகளின் பிரமிடு வரையச் சொல்வதை எடுத்துவிட்டு இதைச் சேருங்கள். காய்ந்த இலைகளைச் சம எடையில் நிறுத்து, கண் பெரிதான வலைப்பையில் பாதி, மிக நுண்ணிய கண் உள்ள பையில் பாதி போட்டு மண்ணில் புதைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சில பைகளைத் தோண்டி, உலர்த்தி, எடை பார்க்க வேண்டும். மண்புழுவும் மரவட்டையும் நுழைய முடிந்த பையில் எவ்வளவு குறைந்தது, பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மட்டும் வழிவிட்ட பையில் எவ்வளவு குறைந்தது என்று அவர்களே எழுதட்டும். ஒரு தராசு போதும். அந்த மாணவியின் வகுப்பில் நாங்கள் புதைத்த பைகள் இன்னும் மண்ணில்தான் இருக்கின்றன. அடுத்த மாதம்தான் முதல் பையைத் தோண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்