பள்ளத்தில் எழுதிய பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. துருக்கியில் அந்தப் பழைய எபேசஸ் நகரத்தில் நீ எடுத்த கல்வெட்டுப் படத்தைத் தங்கை பெரிதாக்கிக் காட்டினாள். "ஒரு வரி மட்டும் ஏன்ப்பா பள்ளமா இருக்கு?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அது சிலை நின்ற பீடம். கி.பி. 89-90 வாக்கில் ரோமப் பேரரசன் டொமீஷியன் குடும்பத்துக்கு அங்கே கோயில் எழும்பியபோது, ரோமின் ஆசிய மாகாணத்து (இன்றைய மேற்குத் துருக்கி) ஊர்கள் ஆளுக்கொரு சிலை வைத்தன. 96இல் அவனைக் கொன்றார்கள். பெயரே இருக்கக் கூடாது என்றது ரோமின் ஆட்சி மன்றமான செனட். செதுக்கியெடுத்த பள்ளத்தில் அவன் அப்பா வெஸ்பாசியனைத் 'தெய்வம்' என்று எழுதிவிட்டார்கள்.

கோயிலையே மூடியிருக்கலாமே என்பாய். மூடுவார்களா? கி.பி. 26இல், முந்தைய பேரரசன் டைபீரியஸுக்குக் கோயில் கட்டும் உரிமை கேட்டு 11 ஊர்கள் செனட்டில் மல்லுக்கு நின்றன. 'உங்களுக்குத்தான் ஆர்ட்டெமிஸ் தேவி இருக்கிறாளே' என்று எபேசஸைத் தள்ளிவிட்டார்கள். ஜெயித்தது சிமிர்னா, இப்போது நீ வாடகைக்கு இருக்கும் இஸ்மீர்! அறுபது வருஷத்துக்கு மேல் பொறுத்து வாங்கிய, பேரரசன் கோயில் உள்ள ஊருக்கான 'கோயில் காவலர்' பட்டத்தை, ஒருவன் செத்தான் என்பதற்காக எபேசஸ்காரன் விடுவானா?

அப்ரோடிசியாஸ் என்ற இன்னொரு ஊரார் எபேசஸ் கோயிலில் வைத்த பீடத்தைப் படித்தால் சிரிப்பு வரும். பேரரசர்கள் தயவால் தாங்கள் ஆதிமுதல் சுதந்திரமானவர்கள், சொந்த விருப்பத்தில்தான் இதை வைக்கிறோம், எபேசஸ் மேல் உள்ள நல்லெண்ணமும் ஒரு காரணம் என்று நீட்டி முழக்கியிருக்கிறார்கள். கும்பிடும்போதும் அந்த விறைப்பு! நம் கோயில் ட்யூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிறோமே, அந்த ஜாதிதான். பயத்தைவிடப் பக்கத்து ஊர்ப் பொறாமைதான் அந்தச் சிலைகளை நிறுத்தியது என்பது என் எண்ணம்.

சின்ன வயதில் உன்னைச் சைக்கிளில் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காகுறிச்சிக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? 1898இல் அங்கே 501 ரோமப் பொற்காசு கிடைத்தது. பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்துக்குக் குறுக்கே வெட்டு. மறுபடி காசாக ஓடாமலிருக்க வெட்டினார்கள் என்பார்கள். எபேசஸில் செனட் சொல்லி வெட்டு. இங்கே எந்தச் செனட்டையும் கேட்கவில்லை.

மறுபடி போனால் மாலை வெயில் சாய்ந்து விழும்போது படம் எடு. எழுத்து தெளிவாக விழும். தங்கை அந்தப் பள்ளத்தில் பழைய எழுத்தின் கால் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

அப்பா