லடாக்கில், ஹன்லேயில் இருக்கும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

தைப்பூசத்தன்று நிலா அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. முழுநிலவில் நீங்கள் தொலைநோக்கியைத் திறக்க மாட்டீர்கள், எப்படியும் போன் வரும் என்று அம்மா வெகுநேரம் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். அமாவாசைப் பக்கம் நீ பேசாவிட்டால் எங்களுக்குப் புரியும். தினசரி காலண்டரைப் பார்த்துத்தான் உன் வேலை நாட்களைக் கணக்குப் போடுகிறோம். பௌர்ணமிக்கும் பேச்சு இல்லை என்றால் நாங்கள் என்ன நினைத்துக்கொள்வது?

இங்கே எல்லாரும் நலம். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்ன அத்தை வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது. பனி இந்த வருஷம் கடுமைதான், ஆனால் உன் ஊர்க் குளிருக்கு முன்னால் ஊட்டிக் குளிரைப் பற்றி நான் எழுதக் கூடாது.

சௌந்தரம் அத்தை மகன் லீவில் வந்திருந்தான். மார்கழி அமாவாசை சமயத்தில் உன்னை லேயில் பார்த்தானாம். "நல்லா இருக்கா மாமா" என்றான். சரி என்று கேட்டுக்கொண்டேன். இருட்டு ராத்திரியில் வேலையை விட்டுவிட்டு நீ எதற்கு லேக்கு இறங்கினாய் என்று அவனைக் கேட்கவில்லை. அம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை.

தண்ணீர் நிறையக் குடி. மேட்டில் வேகமாக ஏறாதே. தலைவலி வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதே, உடனே கூட இருப்பவர்களிடம் சொல். இருமலோ மூச்சிரைப்போ சேர்ந்தால் இறங்கிவிடு. 4,270 மீட்டர் என்பது நம் ஊரைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம். கடலோரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் அங்கே பத்தில் ஆறு பங்குதான். குன்னூர் தாண்டினாலே வாந்தி எடுத்த பிள்ளை நீ.

எதிர்வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறவன், "அக்கா அங்கே என்ன பார்க்கிறாங்க தாத்தா?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன், சரியா என்று பார். விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர் தரைக்கு வந்து சேராது. பத்து இருபது கிலோமீட்டர் உயரத்திலேயே காற்றில் மோதி எலக்ட்ரானும் பாசிட்ரானுமாகப் பெருகிப் பொழியும். அந்தப் பொழிவிலிருந்து மங்கலான நீல ஒளி கிளம்பும். செரன்கோவ் ஒளி. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம்தான் இருக்கும். அதைப் பிடிக்கத்தான் 21 மீட்டர் கண்ணாடியும், 1,088 ஒளிப்பெருக்கிக் குழாய் வைத்த கேமராவும். நீ முன்பு அனுப்பிய படங்களையும் காட்டினேன். பாதாம் பருப்பு மாதிரி ஒல்லியாக நீண்டிருந்தால் காமா, அங்கங்கே பிய்ந்து சிதறியிருந்தால் புரோட்டான். ஒரு காமாவுக்கு ஆயிரக்கணக்கில் புரோட்டான் வரும், அதிலிருந்துதான் பொறுக்கி எடுக்க வேண்டும் என்றதும் பையன் வாயடைத்துப் போனான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா கண்ணு.

நாங்கள் ஊட்டி ஆய்வுக்கூடத்தில் இத்தனை காலம் எண்ணியது எல்லாம் மின்னூட்டம் உள்ள காஸ்மிக் கதிர்கள் தந்த துகள்கள். கோலார் சுரங்கத்துக் காலத்து ஆறு மீட்டர் இரும்புக் குழாய்களை இங்கே அடுக்கித்தான் அந்தத் துகள்களில் ஒன்றான மியூவானை எண்ணினோம். 2014 டிசம்பர் 1-ஆம் தேதி இடிமழையில் மியூவான் எண்ணிக்கை சட்டென்று இறங்கியது நினைவிருக்கும். அந்த இறக்கத்தை வைத்தே மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் என்று கணக்குச் சொன்னார்கள். அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கதிர்கள் விண்மீன் மண்டலத்துக் காந்தப் புலத்தில் திரும்பித் திரும்பி வருகிறவை. எங்கே பிறந்தன என்று அவற்றின் திசையை வைத்துச் சொல்ல முடியாது. காமா நேராக வருகிறது. 1969-இலேயே இங்கே சர்ச்லைட் கண்ணாடிகளை வைத்து அந்த நீல ஒளியைத் தேடினார்கள். அப்புறம் அந்த வேலை மத்தியப் பிரதேசத்துப் பச்மரிக்குப் போனது, அங்கிருந்து ஹன்லேக்கு ஏறியது. நம் ஊரை விட்டுப் போன வேலையை என் மகள் போய்ப் பிடித்துக்கொண்டாள் என்று நான் சொல்லாத ஆள் கிடையாது.

அதற்காக உடம்பைக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டுமா? நண்டு நெபுலா ராத்திரி முழுக்கத் தெரிகிற மாதங்கள்தான் அங்கே உயிரை வாங்கும் குளிர் மாதங்கள் என்பது எனக்கும் தெரியும். ரோகிணிக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கிறது, நானும் மொட்டை மாடியில் நின்று அந்தத் திசையைப் பார்க்கத்தான் செய்கிறேன். 1054-இல் சீனர்கள் வெடிக்கக் கண்ட நட்சத்திரம் அது. 1989-இல் அரிசோனாவில் விப்பிள் தொலைநோக்கி அதன் காமாவைப் பிடித்ததிலிருந்து, புதிதாகத் தொலைநோக்கி கட்டும் எல்லாரும் முதலில் அதைப் பார்த்துத்தான் அளவு சரிபார்க்கிறார்கள். மாறாமல் எரிவதால்தானே அப்படி? அடுத்த ஐப்பசியிலும் அது அங்கேதான் இருக்கும். 2021-இல் சீனாவின் லாசோ ஆய்வுக்கூடம் அதிலிருந்தே பெட்டா எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகப் பெரிய ஆற்றலைத் தாண்டிய கதிரைக் கண்டுவிட்டது. ஆனாலும் நண்டு எலக்ட்ரானை முடுக்குகிற இடம் என்றுதான் நினைக்கிறார்கள். புரோட்டானை அந்த ஆற்றலுக்குத் தள்ளுவது எது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. இந்த ஒரு குளிர்காலத்தில் அதை நீ முடித்துவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

காஸ்மிக் கதிரைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்ட் 7-ஆம் தேதி பலூனில் 5,000 மீட்டருக்கு மேலே போனார். அன்றைக்கே இறங்கிவிட்டார். நோபல் பரிசு 1936-இல் தானாக வந்தது. ஹன்லேயிலேயே இருக்கிற இரண்டு மீட்டர் தொலைநோக்கியை பெங்களூரு பக்கம் ஹொசகோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக ஓட்டுகிறார்கள். தரவை அலசும் வேலையைக் கீழே இருந்து செய்ய வழி இருக்கிறதா என்று கேள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இறங்கு என்றால் வேலையை விடு என்று அர்த்தமில்லை.

சுக்குப் பொடியும் கம்பளிக் காலுறையும் பார்சலில் போட்டிருக்கிறேன். லேயில் டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டை, எக்ஸ்ரே இருந்தால் அதையும், படம் எடுத்து என் போனுக்கு அனுப்பு. அம்மா போனுக்கு வேண்டாம். இங்கே நம் டாக்டரிடம் காட்டிக் கேட்கிறேன். அவர் மேலே இருக்கலாம் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கூடாது என்று சொன்னால் நானே லேக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
அப்பா