சிவப்புச் சீட்டு ஒட்டுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தினருக்கு,

மன்னார்குடிப் பக்கத்தில் உள்ள தங்கள் அரிசி ஆலையில் 22 ஆண்டுகளாக ஃபிட்டராகப் பணிபுரிபவனின் வணக்கம்.

ஐப்பசி மழையிரவில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அறிக்கையில் 'பராமரிப்புக் குறைபாடு' என்று முடிந்துபோன அந்த இரவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அவித்த குறுவை நெல், அதை உலர்த்தும் டிரையருக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, நள்ளிரவு 1 மணிக்கு, நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடி உருளையைத் தாங்கிச் சுழலவிடும் 6205 எண் பேரிங் உடைந்தது. அதே அளவில் ஒன்றைக் கிரீஸ் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, எலிவேட்டரின் காலடியில் ஒரு தகர டப்பாவில் எப்போதும் வைத்திருப்பேன். இருட்டில் கைவைத்த இடத்தில் டப்பா இல்லை. புதிதாக அடித்த மஞ்சள் கோடுதான் இருந்தது. வேண்டாததை அகற்றி, மற்றவற்றுக்குக் கோடு போட்டு இடம் குறித்து, ஆலையைத் துப்புரவாக வைக்கும் ஐந்து 'எஸ்' முறைப்படி, 30 நாள்களாகப் பயன்படாத பொருள் என்று சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டு, அது முந்தைய வாரமே பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். தஞ்சாவூரில் கடை திறந்து, பேரிங் வந்து சேரக் காலை 11 மணி ஆயிற்று. அதற்குள் தரையில் குவிந்து கிடந்த ஈரநெல் சூடேறி, புளித்த வாடை வாசல் வரை வந்துவிட்டது.

அந்த முறையையே நான் குறைகூறவில்லை. பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்தை வரைந்து மாட்டியதால், எது குறைகிறதென்று தூரத்திலிருந்தே தெரிகிறது; பாய்லரைச் சுற்றி உமித்தூசி தங்காததால் தீ பற்றும் அச்சமும் குறைந்திருக்கிறது. ஆனால் இத்தகைய ஒழுங்குக்குப் பேர்போன டொயோட்டா கார் ஆலைகளில், கோளாறைக் கண்ட சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தச் செய்யலாம். நமக்குக் கோடு வந்தது, கயிறு வரவில்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: எந்தப் பொருளுக்குச் சீட்டு ஒட்டினாலும், அந்த இயந்திரத்தில் வேலை செய்பவரின் கையொப்பம் இல்லாமல் அதை அகற்றக் கூடாது. பத்தாயத்து விதைநெல்லை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. 30 நாள் கணக்குப் பார்த்து அதையும் விற்றுவிட்டால் ஆடியில் எதை விதைப்பது?

தணிக்கைக்கு வருவோர் மதிப்பெண் போடுவதற்காகத் தேநீர்க் குவளைக்கும் மேசையில் வட்டம் வரைந்திருக்கிறீர்கள். இரவுப் பணிக்குத் தேநீர் நின்று இரண்டு மாதமாகிறது. வட்டம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கழிவறைக் குழாய்க்கு எந்தச் சீட்டு ஒட்டினால் தண்ணீர் வருமென்பதும் எங்களுக்கு விளங்கவில்லை.

சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். தையில் சம்பா நெல் வரத்து தொடங்குமுன், இயந்திரத்தில் நிற்பவரின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கி, அவசர உதிரிப் பாகங்களுக்கு அந்தந்த இயந்திரத்தின் அருகிலேயே ஓர் அலமாரி தந்து ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

அதுவரை, என் கைக்காசில் வாங்கிய 6205 பேரிங் ஒன்று என் சாப்பாட்டுப் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர் ஒருவன்